ரோஸ் கலர் மருந்தும் ஒரு லத்தீன் வினைச்சொல்லும்

சனிக்கிழமை காலை. மருந்து கொடுக்கிற ஜன்னல் வழியாக இரண்டு கைகள் உள்ளே நீண்டன. ஒன்றில் டாக்டரின் சீட்டு. இன்னொன்றில் கழுவித் துடைத்த காலி பாட்டில், வாயில் புதுத் தக்கையோடு.

நான் முகத்தைப் பார்க்கவில்லை. வளையலைப் பார்த்தேன். தினமும் எனக்குச் சோறு பரிமாறுகிற வளையல்.

சீட்டில் ‘செண்பகம், வயது 24’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒரே வரி. மிஸ்ட். பி., அரை அவுன்ஸ், காலையும் மாலையும்.

செண்பகம் என் மனைவி. மிஸ்ட். பி. என்பது தண்ணீர்.

இந்த இரண்டையும் ஒரே சீட்டில் பார்க்க வேண்டிவரும் என்று நான் நினைத்ததில்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலியாக இருந்தது.

“என்ன திருப்பித் திருப்பிப் பாக்குதீங்க? கலந்து குடுங்க. பின்னால ஆளு நிக்காங்கல்லா” என்றாள்.

பின்னால் நின்றவர் கீழப்பாவூர்க்காரர். வயிற்றுப் பொருமல். அவர் அவசரம் அவருக்கு.

நாலு சாமான்

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஐம்பதுகளின் நடுவிலிருந்து அறுபதுகளின் கடைசி வரை, தென்காசியில் டாக்டர் பொன்னையாவின் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். ஆஸ்பத்திரி என்றால் கட்டிலெல்லாம் கிடையாது. முன்னால் டாக்டர் அறை. நடுவில் நோயாளிகள் உட்காரும் பெஞ்சு. பெஞ்சுக்கு நேர் எதிரே என் ஜன்னல். தெருவில் இறங்கி நின்றால் கோபுரம் தெரியும். அப்போது அது பிளந்து மொட்டையாகத்தான் நின்றது.

மிஸ்ட். பி.யின் செய்முறையை இப்போது சொல்வதில் தவறில்லை. டாக்டர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கொதித்து ஆறின தண்ணீர். வாசனைக்குப் பெப்பர்மின்ட். கசப்புக்கு ஒரு வேரின் டிங்சர், சில சொட்டு. நிறத்துக்குச் சிவப்புச் சாயம், விரல் நுனியளவு. கலந்தால் நல்ல ரோஸ் கலர் வரும்.

கசப்புதான் முக்கியம் என்பார் டாக்டர். இனித்தால் அதை மருந்தென்று யாரும் மதிக்க மாட்டார்கள்.

மற்ற மருந்துகளுக்கு ஒரு சட்டம் உண்டு. அவுன்ஸ் கிளாசை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நான் ஒரு கண்ணை மூடிக்கொள்வேன். மூச்சையும் கொஞ்சம் பிடித்துக்கொள்வேன். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

மிஸ்ட். பி.க்கு அதெல்லாம் இல்லை. பெரிய ஜாடியைச் சாய்த்துப் பாட்டிலின் கழுத்து வரை ஊற்றித் தக்கையை அடைப்பேன். ஊற்றும்போதே பெஞ்சில் இருப்பவரிடம் ஊர்ச் சேதி கேட்பேன். பிறகு வெள்ளைக் காகிதத்தை ரம்பப் பல் மாதிரி நறுக்கிப் பாட்டிலில் ஒட்டுவேன். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. ‘குலுக்கிச் சாப்பிடவும்’ என்று ஒரு சீட்டும் ஒட்டுவேன். தண்ணீரைக் குலுக்கினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை.

லத்தீன் தெரிந்தவன் என்று போன வாரம் என்னைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். கம்பவுண்டருக்கு எதற்கு லத்தீன், கதை விடாதீர் என்று ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். அவருக்குப் பதில் இது. எனக்கு லத்தீனில் ஒரே ஒரு வினைச்சொல்தான் தெரியும். அதை மூன்று காலத்திலும் தெரியும். கார்டு போட்டவருக்கு அதுவும் தெரியாது என்று நினைக்கிறேன்.

சாரல் விழுந்தால்

மிஸ்ட். பி. யாருக்கு? டாக்டர் நெஞ்சைத் தட்டி, குழல் வைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்காதவர்களுக்கு. உமக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். சுரண்டையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவரை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. அனுப்பினால் அடுத்த தெரு டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொள்வார்.

ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால், டாக்டர் சாயங்காலங்களில் குற்றாலத்தில் ஒரு வாடகை அறையில் உட்காருவார். நானும் ஜாடியோடு போவேன். வெளியூர்க்காரர்கள் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு மணிக்கணக்கில் அருவியில் நிற்பார்கள். மூலிகையெல்லாம் கலந்து வருகிற தண்ணீர், சகல வியாதியும் போகும் என்பார்கள். பிறகு தும்மிக்கொண்டே எங்களிடம் வருவார்கள்.

“மலையில இருந்து விழுந்தா அது மருந்து. நம்ம ஜாடியில இருந்து விழுந்தா ஏமாத்தாவே?” என்று டாக்டர் ஒருநாள் கேட்டார்.

நான் அதை ஏமாற்று என்று சொல்லியிருக்கவில்லை. அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் டாக்டர் அருவியில் குளித்ததே கிடையாது. தலையில் அவ்வளவு கனமாகத் தண்ணீர் விழுவது நல்லதில்லை என்பார்.

ஃபாதர் கிழித்த காலண்டர் தாள்

மிஸ்ட். என்றால் மிக்சர், கலவை. ‘பி’ என்றால் என்ன என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டரிடம் கேட்டேன்.

“ப்ளசீபோ. லத்தீன். அதுக்கு மேல உமக்கு வேண்டாம்” என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்காவிட்டால் நான் அன்றே மறந்திருப்பேன்.

ஊரில் லத்தீன் தெரிந்தவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்தான், மாதா கோயில் ஃபாதர். அப்போது பூசையை லத்தீனில்தான் வைப்பார்கள். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு முன்னால் தொண்டையில் ஏதோ உருண்டை வந்து நிற்கும். அதற்கு எங்கள் மருந்து. வாராவாரம் வீட்டுக்குப் போகிற வழியில் அவருடைய பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போவேன். அப்படி ஒரு தடவை, நெற்றியில் விபூதியோடு போய் நின்று, ப்ளசீபோ என்றால் என்ன என்று கேட்டேன்.

அவர் என் உச்சரிப்பைக் கேட்டு முகத்தைச் சுளித்தார்.

“ப்ளாச்சேபோ. இங்கிலீஷ்காரன் வாயில போட்டு மென்னு துப்புனதை நீரு எடுத்துட்டு வந்துருக்கீரு” என்றார்.

சுவரிலிருந்த காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினார். அந்தத் தாள் இன்னும் என் பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது.

முதல் வரி நிகழ்காலம். ப்ளாச்செயோ, ப்ளாச்செஸ், ப்ளாச்செத். நான், நீ, அவன். ப்ளாச்சேமுஸ், ப்ளாச்சேதிஸ், ப்ளாச்செந்த். நாம், நீங்கள், அவர்கள். நம்மைப் போலவே அவர்களும் வினையின் வாலிலேயே ஆளைக் கட்டிவிடுகிறார்கள். ‘வந்தேன்’ என்றால் வந்தது நான்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

இரண்டாம் வரி எதிர்காலம். ப்ளாச்சேபோ, ப்ளாச்சேபிஸ், ப்ளாச்சேபித், ப்ளாச்சேபிமுஸ், ப்ளாச்சேபிதிஸ், ப்ளாச்சேபுந்த். நடுவில் ஒரு ‘ப’ வந்து உட்கார்ந்துவிட்டால் இனிமேல் நடக்கப்போவது என்று அர்த்தம். நாம் ‘கொடுப்பேன்’ என்று சொல்லும்போதும் நடுவில் ஒன்று உட்காருகிறது. இதை நான் சொன்னதும் ஃபாதர் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

மூன்றாவது, இறந்தகாலம். ப்ளாக்குயி. இதில் ‘ச’ போய் ‘க’ வந்துவிடுகிறது. ஏன் என்று கேட்டேன். நடந்து முடிந்ததை மெல்லச் சொல்ல முடியாது என்றார். இது இலக்கணத்தில் இருக்கிறதா, அவராகச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது.

பொருள், பிடித்தமாக இருப்பது. யாருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடிக்கிறது, உனக்குப் பிடிக்கிறது என்று நாம் சொல்வது மாதிரி. ஆக ப்ளாச்சேபோ என்றால் ‘உனக்குப் பிடித்தபடி நடந்துகொள்வேன்’. வேர் எது என்று கேட்டேன். ஆதியில் மேடுபள்ளம் இல்லாமல் சமமாக இருப்பதைச் சொன்ன சொல்லாக இருக்கலாம், அலை அடங்கின குளத்தைப் போல என்றார். நிச்சயமில்லை என்றும் சொன்னார். எனக்கு அந்தக் குளம் பிடித்திருந்தது.

“செத்தவங்களுக்காகச் சாயங்காலம் சொல்லுத ஜெபத்துல இதுதான் மொத வார்த்தை, தம்பி. ஒரு காலத்துல ஐரோப்பாவுல, செத்தது யாருன்னே தெரியாதவன்லாம் துஷ்டி வீட்டுக்கு வந்து இதைப் பாடிட்டுச் சாப்பிட்டுட்டுப் போவான். அப்படிப்பட்ட ஆளுக்கே இது பேரா ஆயிட்டு. பொறவுதான் டாக்டர்மாரு கைக்கு வந்துது.”

“துஷ்டி வீட்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்துருக்கு.”

“ஆமா. வழக்கமா ஆஸ்பத்திரில இருந்துதான் துஷ்டி வீட்டுக்கு வரும்.”

ஃபாதர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. மேஜையில் நான் கொண்டுவந்து வைத்த பாட்டில் இருந்தது. ரோஸ் கலர்.

“இது அதுவா?”

“தெரியாது ஃபாதர்.”

“கம்பவுண்டருக்குத் தெரியாதா?”

“சீட்டு லத்தீன்ல இருக்கு ஃபாதர்.”

அவர் பாட்டிலைக் கையில் எடுத்தார். குலுக்கினார். ஒட்டியிருந்த பல் அளவுக்குப் பார்த்துக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரமும் அவருடைய காலி பாட்டில் கழுவித் துடைத்து வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் நீளம் குறையவில்லை என்று கேள்வி.

தை பிறந்தால் இருபத்தைந்து

செண்பகத்துக்கு வருகிறேன்.

அவளுடைய அம்மா நெஞ்சு வலியில் செத்தபோது வயது இருபத்தைந்து. அவளுடைய அக்காவும் அதே நெஞ்சு வலியில் போனாள். அவளுக்கும் இருபத்தைந்து. செண்பகத்துக்குத் தை பிறந்தால் இருபத்தைந்து.

சித்திரையில் படபடப்பு ஆரம்பித்தது. அடுப்படியில் நிற்கும்போது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள். சோறு இறங்காது. வைகாசியில் எனக்கு இரண்டாம் தாரம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

“சுரண்டை மாமா மவ கோமதியக் கட்டிக்கிடுங்க. நல்ல பிள்ள. கொஞ்சம் காரம் கூடப் போடுவா. சொன்னா கேட்டுக்கிடுவா.”

இதை அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த வருஷம் முழுவதும் நான் பயந்தே கிடந்தேன். இதை அவளிடம் சொல்லியதில்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு மருந்து எடுத்துப் போகக் கூடாது. வீட்டு ஆளாக இருந்தாலும் பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டரைப் பார்த்து, சீட்டு வாங்கி, சொந்தப் பாட்டிலோடு ஜன்னலுக்கு வர வேண்டும். அப்படித்தான் அந்த ஆனி மாதச் சனிக்கிழமை அவள் வந்தாள். பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு டாக்டர் அறைக்குப் போனாள். பிறகு மிஸ்ட். பி.

நான் ஜாடியைச் சாய்த்தேன். கை தன் வழக்கப்படி ஊற்றியது. கண் அவள் மேலேயே இருந்தது. இளைத்துப்போயிருந்தாள்.

மத்தியானம் கூட்டம் வடிந்ததும் டாக்டர் அறைக்குப் போனேன்.

“நெஞ்சு சுத்தமா இருக்குவே. மூணு தடவ வச்சுப் பாத்துட்டேன். பயந்துருக்கா. பயத்துக்கு நம்மட்ட வேற என்ன இருக்கு?” என்றார்.

“ஒண்ணுமில்லன்னு நானே சொல்லிரட்டா அய்யா?”

“சொல்லிப் பாரும்.”

சொல்லிப் பார்த்தேன்.

“அம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னாங்க” என்றாள் செண்பகம்.

பத்து கிரெயின்

மூன்று வாரத்தில் அவள் குணமானாள். என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

சோறு இறங்கியது. அடுப்படியில் உட்காருவது நின்றது. கோமதியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆடி, ஆவணி இரண்டு மாதமும் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சனிக்கிழமை தவறாமல் பாட்டிலோடு வந்தாள். நானும் தவறாமல் ஊற்றினேன்.

பக்கத்து வீட்டில் அவள் பேசுவது என் காதில் விழும்.

“எங்க வீட்டுக்காரங்க கையால கலந்தது. என்னமா கேக்குதுங்கீங்க!”

பாட்டிலை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அதற்கு விபூதி பூசவில்லை, அவ்வளவுதான்.

பொய் சொல்வது எனக்குப் பழக்கம். அதற்குத்தான் சம்பளம். பொய்க்கு நன்றி வாங்கிப் பழக்கமில்லை. அவளுடைய அம்மாவுக்கும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்களாம் என்பது வேறு மனசில் கிடந்து அரித்தது. டாக்டர் குழலுக்குக் கேட்காத ஏதாவது உள்ளே இருந்தால்? தை வந்தால்? நான் அவளுக்குச் சாயத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, டாக்டர் எழுதாததை நான் செய்தேன். புரோமைடு என்று ஓர் உப்பு இருந்தது. படபடப்புக்கும் நடுக்கத்துக்கும் கொடுப்பது. தராசை எடுத்து, வேளைக்குப் பத்து கிரெயின் எடை வருகிற மாதிரி நிறுத்தேன். தண்ணீரில் கரைத்தேன். அவுன்ஸ் கிளாசை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கோட்டைப் பார்த்தேன். ஒருமுறைக்கு மூன்று முறை பார்த்தேன். என் மனைவி குடிக்கப்போகிற மருந்து. பிறகு அதில் ரோஸ் கலரைச் சேர்த்தேன்.

செண்பகம் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். எனக்கு மனசு லேசாகிவிட்டது. மூன்று மாதத் தண்ணீருக்குப் பிறகு அவளுக்கு நான் நிஜ மருந்து கொடுத்தேன்.

அந்த வாரமே படபடப்பு திரும்பி வந்தது.

பழத்துக்கு அடியில் ஜாதகம்

நான் பதறிப்போய் அளவைக் கூட்டவில்லை. அவ்வளவு அறிவு இருந்தது. நிறுத்தவும் இல்லை. அவ்வளவு அறிவு இல்லை.

வாராவாரம் எடை போட்டேன், தூக்கிப் பார்த்தேன், கலந்தேன். செண்பகம் வாராவாரம் மெலிந்தாள். பகலில் தூங்கி விழுந்தாள். விழித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணப் புடவையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். சுரண்டைக்குக் கடிதம் போட்டாள்.

ஐப்பசியில் சுரண்டை மாமா பஸ் ஏறி வந்துவிட்டார். பையில் ஒரு சீப்புப் பழம். பழத்துக்கு அடியில் கோமதியின் ஜாதகம். மாமா அழுதார். அழுதுகொண்டே ஜாதகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“செண்பகம் எம் பிள்ள மாதிரி, மாப்ள. அவ வாய் விட்டுக் கேட்டுட்டா. நா என்ன செய்ய?”

நான் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கார்த்திகை முதல் சனிக்கிழமை செண்பகம் டாக்டர் அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்து என் ஜன்னல் முன்னால் நின்றார். அப்படி அவர் வருவதே கிடையாது.

“நெத்தியெல்லாம் பரு. பகல்ல தூக்கம். புரோமைடு எத்தன கிரெயின் போட்டீரு?”

பொய் சொல்ல வரவில்லை.

“பத்து, அய்யா.”

“எஞ் சீட்டுல இருக்கா?”

“இல்ல.”

“பொறவு ஏன் போட்டீரு?”

“மத்தவங்களுக்குக் குடுத்துரலாம் அய்யா. அவ எம் பொண்டாட்டி. அவளுக்கு எப்படி வெறும் தண்ணியக் குடுக்க?”

டாக்டர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சு நிறைய ஆட்கள். அன்றைக்குப் பெண்கள்தான் அதிகம்.

“அப்போ இவுங்கல்லாம் யாரு பொண்டாட்டி?” என்றார்.

குரலை உயர்த்தவில்லை. திரும்பிப் போய்விட்டார். என் வாழ்நாளில் நான் வாங்கின அடிகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை. அந்த வாரம் முழுக்க நான் மருந்தைத் தொடக் கூடாது, பாட்டில் மட்டும் கழுவ வேண்டும் என்று தண்டனை. கழுவினேன். மருந்தை டாக்டரே கலந்து கொடுத்தார். செண்பகத்துக்கு ஒரு வாரம் மருந்தே கிடையாது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி மிஸ்ட். பி. நான் ஜாடியைச் சாய்த்து ஊற்றினேன். வெட்கத்தில் பாட்டிலையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டே ஊற்றினேன்.

மார்கழி முடிவதற்குள் செண்பகம் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கல்யாணப் புடவையைத் திருப்பிக் கேட்டுவிட்டாள். அதில் கொஞ்சம் மனஸ்தாபம். தை பிறந்தது. இருபத்தைந்து ஆனது. அந்தத் தை போய் அடுத்த தையும் வந்தது. கோமதியை வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்தார்கள். நானும் செண்பகமும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தோம். சாம்பாரில் காரம் கூடத்தான்.

ஐந்தருவியில் ஒரு மத்தியானம்

அறுபதுகளின் கடைசியில் டாக்டர் ஆஸ்பத்திரியை மூடினார். கண் மங்கிவிட்டது. கடைசி நாளில் ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மிஸ்ட். பி. ஜாடியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் எனக்கு வேலை இல்லை. செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன்.

குளித்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. பத்து வருஷமாகத் தொண்டையில் நின்றதை அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தண்ணீர் விழுகிற சத்தத்தில் பாதி காதில் விழாது என்ற தைரியம்.

“செண்பகம், ஒண்ணு சொல்லணும். அந்த ரோஸ் மருந்து…”

“தண்ணிதான?” என்றாள்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? நாந்தான் பெஞ்சுல இருந்து பாத்துட்டே இருந்தேன். எல்லாருக்கும் அந்தக் கிளாசைத் தூக்கி, ஒரு கண்ண மூடிட்டு, மூச்சப் பிடிச்சுட்டுப் பாக்குதீங்க. எனக்குப் பின்னால நின்னாரே கீழப்பாவூர்க்காரரு, அவரு வயித்துக்கு ரெண்டு தடவ பாத்தீங்க. எனக்குப் பாக்கவே இல்ல. எம் மூஞ்சியப் பாத்துட்டே ஊத்துதீங்க. மருந்துன்னா கூடிரக் கூடாது, கொறஞ்சிரக் கூடாதுன்னு ஒரு பயம் இருக்கும்லா? உங்களுக்கு அந்தப் பயமே இல்ல.”

செண்பகம் கூந்தலை முடிந்துகொண்டாள்.

“டாக்டரு வெறும் தண்ணி குடுக்காருன்னா எனக்குச் சீக்கு இல்லன்னுதான அர்த்தம்? வீட்டுக்கு வந்து படுத்தேன். அன்னைக்குத்தான் நல்லா தூங்குனேன்.”

“நானும் ஒண்ணுமில்லன்னுதான சொன்னேன்?”

“வாயால யாரும் சொல்லுவாங்க.”

“பொறவு எதுக்குப் பக்கத்து வீட்டுல அப்படிச் சொன்ன? எங்க வீட்டுக்காரங்க கையால கலந்ததுன்னு?”

“வேற எப்படிச் சொல்ல? எங்க வீட்டுக்காரங்க எனக்குத் தண்ணி குடுக்காங்கன்னா?”

“முருகன் படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தியே?”

“கீழ வச்சா எலி தட்டிவிட்ரும்.”

அவள் அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குரல் மாறிவிட்டது.

“புரட்டாசியில ஒரு நாளு தராசை எடுத்தீங்க. கிளாசைக் கண்ணுக்கு நேரா தூக்குனீங்க. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. பாத்துட்டு, என்னையப் பாத்துச் சிரிச்சீங்க. அன்னைக்கு நான் செத்துட்டேன்னே நெனச்சேன். அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துட்டு, இவுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, எங்கிட்டச் சொல்லாம நிஜ மருந்து குடுக்காங்கன்னு. அதுக்குப் பொறவுதான் சுரண்டைக்குக் கடுதாசி போட்டேன்.”

அளந்து பார்த்துப் பார்த்து நான் அவளைக் கொன்றிருக்கிறேன். பார்க்காமல் ஊற்றித்தான் பிழைக்க வைத்திருக்கிறேன்.

“சாகப்போறோம்னு நெனச்ச. உப்புக் கரிச்சிருக்கும். குடிக்கக் குடிக்க மெலிஞ்ச. தெரிஞ்சும் ஏன் குடிச்ச?”

“நீங்க குடுத்தீங்க. குடிச்சேன்” என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்து புடவையைப் பிழிந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

கண்ணாடி

இப்போது எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சாயங்கால மாத்திரைகளைச் செண்பகம்தான் எடுத்துத் தருகிறாள். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே டப்பாவைத் திறப்பாள். பேரைப் படிக்காமல் அட்டையிலிருந்து பிதுக்கி என் கையில் போடுவாள். ஒருநாள் மஞ்சள் வரும், ஒருநாள் வெள்ளை வரும். பழைய கம்பவுண்டர் நான், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நிம்மதியாக விழுங்கிவிட்டுச் சாப்பிடப் போவேன்.

போன வாரம் திருநெல்வேலிக்குப் போய் ஒரு புது டாக்டரைப் பார்த்து வந்தோம். அவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் கொஞ்ச நேரம் பேசினார். வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நேற்றுச் சாயங்காலம் அவள் டி.வி.யை அணைத்தாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். மாத்திரை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒருமுறைக்கு மூன்று முறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கொடுத்தாள். விழுங்கினேன்.